எத்தனை காலமாகத் தெரியும்?

ஆயுள் காப்பீட்டு விண்ணப்பத்தோடு ஏஜென்ட் தன் கைப்பட எழுதித் தரவேண்டிய தாள் ஒன்று உண்டு. ரகசிய அறிக்கை என்று அதற்குப் பெயர். ஆளுக்கு என்ன வருமானம், உடம்பு எப்படி, வீட்டில் யாருக்காவது பெரிய வியாதி உண்டா என்ற கேள்விகளுக்கு நடுவே, ‘இவரை உங்களுக்கு எத்தனை காலமாகத் தெரியும்?’ என்றும் கேட்டிருப்பார்கள். 1980களில் எல்.ஐ.சி.யின் ராமநாதபுரம் கிளையில் ஏஜென்சி எடுத்த நாள்முதல் நான் அதிகம் யோசித்துப் பதில் எழுதியது அந்த இடத்தில்தான். வயதுக்குச் சான்றிதழ் இருக்கிறது, உடம்புக்கு டாக்டர் இருக்கிறார். இந்தக் கேள்விக்கு மட்டும் என்னைத் தவிர வேறு சாட்சி கிடையாது. மண்டபம் முதல் தனுஷ்கோடி வரைக்கும், மேற்கே கீழக்கரை, ஏர்வாடி வரைக்கும் இன்ஷூரன்ஸ் வந்து வேரூன்றியதும், சில இடங்களில் வேர் அறுந்ததும், இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் இருந்ததா இல்லையா என்பதைப் பொறுத்துத்தான்.

தொடக்கத்தில் கம்பெனிகளுக்கு நம்மைத் தெரியாது. 1818இல் கல்கத்தாவில் வந்த ஓரியண்டல் கம்பெனியும், 1829இல் சென்னையில் வந்த மெட்ராஸ் ஈக்விடபிளும் இங்கே வேலைக்கு வந்த ஐரோப்பியர்களுக்காக நடந்தவை. பின்னால் இந்தியர்களைச் சேர்த்துக்கொண்ட கம்பெனிகளும் நம் உயிருக்குக் கூடுதல் பிரீமியம் போட்டன. வெள்ளைக்காரருக்கு வாங்கும் அதே கட்டணத்தில் இந்தியரையும் எடுத்துக்கொள்ள 1871இல் பம்பாயில் பாம்பே மியூச்சுவல் வரவேண்டியிருந்தது. அறிமுகமில்லாதவன் ஆபத்தானவன் என்ற கணக்கு அது. அந்தக் கணக்கைக் கம்பெனியால் மாற்ற முடியாது. ஊரில் இருக்கிற ஒருவன் இடையில் நின்றால்தான் மாறும்.

எங்கள் பக்கம் முதலில் நுழைந்தது தபால் இலாகாவின் காப்பீடாக இருக்க வேண்டும். 1884இல் அந்த இலாகா தன் ஊழியர்களுக்காகத் தொடங்கியது. 1894இல், வேறு எந்தக் கம்பெனியும் பெண்ணுயிருக்குப் பாலிசி தராத நாளில், தன் பெண் ஊழியர்களையும் சேர்த்துக்கொண்டது. 1914இல் பாம்பன் பாலம் திறந்து, போட் மெயில் ரயில் தனுஷ்கோடிவரை ஓடத் தொடங்கியபிறகு ரயில்வேக்காரர்கள், சுங்கத்தார், தபால்காரர்கள், துறைமுகத்து எழுத்தர்கள் என்று மாதச் சம்பளக்காரர்கள் ராமேசுவரம் தீவில் குடியேறினார்கள். சம்பளப் பட்டியல்தான் அவர்களுடைய அறிமுகச் சீட்டு. பக்கத்துக் குடிசையில் இருந்த கடலோடிக்கு அது இல்லை. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் எடுத்துக்கொண்டபோது, 653ஆம் எண் பயணிகள் ரயிலும் அதோடு போனது. அந்த இரவில் செத்தவர்களில் சம்பளக்காரர்களின் பெயர் ஏதாவது ஓர் அலுவலகப் பேரேட்டில் இருந்தது. மீன்பிடிக் குடும்பங்களின் பெயர் உறவுக்காரர்களின் நினைவில் மட்டும் இருந்தது.

அதற்கு முன்னால் இன்னொரு கதையும் உண்டு. அன்றைய ராமநாதபுரம் ஜில்லா 1910இல் உருவானது. செட்டிநாடு அதற்குள் இருந்தது. அந்த மண்ணின் குடும்பத்தில் வந்த எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் வங்கி நடத்தியதோடு, சென்னையில் 1906இல் தொடங்கிய யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியையும் தன் பொறுப்பில் வளர்த்தார். 1954இல் சிங்கப்பூரில் விமான விபத்தில் இறந்தார். அவர் கம்பெனிக்காக மவுண்ட் ரோட்டில் எழும்பத் தொடங்கிய கட்டடம்தான் 1959இல் எல்.ஐ.சி. கட்டடமாக முடிந்தது. சென்னைக்குப் போன எங்கள் ஊர்க்காரர்கள் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து சொல்லும்போது, அதில் எங்கள் பழைய ஜில்லாவுக்கும் பங்கு உண்டு என்று எனக்குள் ஒரு பெருமை இருக்கும்.

எல்லாக் கம்பெனிகளும் அப்படி இல்லை. சின்னச் சின்ன சகாய நிதிகளும் பிராவிடண்ட் சங்கங்களும் காளான்போல் முளைத்ததால்தான் அவற்றுக்கென்றே 1912இல் தனிச் சட்டம் போட்டார்கள். சட்டம் வந்தும் சரிவு நிற்கவில்லை. 1956 ஜனவரி 19ஆம் தேதி ஆயுள் காப்பீட்டை அரசு எடுத்துக்கொண்டபோது, முந்தைய பத்து ஆண்டுகளில் 25 கம்பெனிகள் திவாலாகிவிட்டன, இன்னும் 25 கம்பெனிகள் பணத்தைக் கரைத்துவிட்டு வேறொருவர் கையில் போய்விட்டன என்று நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் கணக்குச் சொன்னார். செப்டம்பர் 1ஆம் தேதி 245 நிறுவனங்களைச் சேர்த்து எல்.ஐ.சி. பிறந்தது.

நான் ஏஜென்சி எடுத்தபோதும் கிழவர்கள் அந்தத் திவால்களை மறந்திருக்கவில்லை. “கம்பெனி ஓடிப்போனா நான் யாரைத் தேடுறது?” என்று உச்சிப்புளியில் ஒரு பெரியவர் கேட்டார். இது கவர்மென்ட் கம்பெனி, ஓடாது என்றேன். “கம்பெனிய விடு, நீ ஓடமாட்டியே?” என்றார். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் அது. அவருக்கு எல்.ஐ.சி.யைத் தெரியாது, என் அப்பாவைத் தெரியும்.

தீவுக்கு சாலைப் பாலம் 1988 அக்டோபரில்தான் வந்தது. அதுவரை ராமேசுவரத்திலிருந்து பிரீமியம் கட்ட ரயிலேறி ராமநாதபுரம் வரவேண்டும். ஒருநாள் தொழில் போகும். அதனால் பணத்தை ஏஜென்டின் கையில் கொடுத்துவிடுவார்கள். நான் கிளையில் கட்டி, ரசீதைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஊரே இப்படித்தான் நடந்தது. சட்டம் இதை ஒத்துக்கொள்ளவில்லை. ஏஜென்டிடம் கொடுத்த பணம் எல்.ஐ.சி.யிடம் கொடுத்த பணம் ஆகாது என்று 1972ஆம் ஆண்டு எல்.ஐ.சி. ஏஜென்ட் விதிகளே சொல்கின்றன. பிரீமியத்தை வாங்கிய ஏஜென்ட் அதைக் கட்டுவதற்குள் பாலிசிதாரர் விபத்தில் இறந்த ஒரு வழக்கில், நிறுவனம் பொறுப்பல்ல என்று 1997இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பைப் படித்த அன்று எனக்கு நெஞ்சு திடுக்கென்றது. இத்தனை குடும்பங்களும் எந்தக் காகிதப் பாதுகாப்பும் இல்லாமல் என் யோக்கியதையை மட்டும் நம்பி இருந்திருக்கின்றன. அதன்பிறகு வாங்கிய பணத்தை ஒரு ராத்திரிகூட வீட்டில் வைத்ததில்லை.

பணம் வாங்கப் போகவும் நாள் தெரிய வேண்டும். ராமேசுவரத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. விசைப்படகு மறுநாள் காலைதான் கரை திரும்பும். டீசல், ஐஸ் செலவு கழித்துப் பங்கு பிரித்து, கையில் காசு நிற்பது செவ்வாய், வியாழன், ஞாயிறு முற்பகலில். அதற்குமேல் போனால் கடன்காரன் முந்தியிருப்பான். மீன்பாடு இல்லாத வாரத்தில் போய் நிற்கவே கூடாது. அந்த வாரம் ஒரு டீ குடித்துவிட்டு, பிள்ளைகள் படிப்பை விசாரித்துவிட்டு வந்துவிட வேண்டும்.

தவணைத் தேதி இதைவிட முக்கியம். எல்.ஐ.சி. அலுவலகங்களில் மார்ச் மாதம் திருவிழா. வருட இலக்கை முடிக்க வளர்ச்சி அதிகாரிகள் ஏஜென்டுகளை விரட்டுவார்கள், நிறைய வியாபாரம் அந்த மாதம்தான் எழுதப்படும். மீனவர் ஒருவருக்கு மார்ச்சில் காலாண்டுத் தவணையில் பாலிசி எழுதினால் என்ன ஆகும்? அடுத்த தவணைகள் ஜூன், செப்டம்பர், டிசம்பர். கிழக்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம் 2001இல் ஏப்ரல் 15 முதல் 45 நாள் என்று வந்தது. 2017இலிருந்து 61 நாள், ஜூன் 14 வரை. ஜூன் தவணை வரும்போது வீட்டில் அரிசிக்கே கடன். டிசம்பரில் வாடைக்காற்று, புயல் எச்சரிக்கை, படகு கரையில். ஆகமொத்தம் நான்கு தவணையில் இரண்டு, காசே இல்லாத மாதத்தில் வந்து விழுகிறது. இப்படி எழுதிய பாலிசி இரண்டாம் ஆண்டைத் தாண்டாது.

அதே நிதியாண்டுக்குள் பாலிசியின் தொடக்கத் தேதியை முன்னதாக வைத்துக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. மார்ச்சில் கையெழுத்து வாங்கினாலும் பிப்ரவரித் தேதி போட்டு அரையாண்டுத் தவணையாக வைத்தால் பிப்ரவரி, ஆகஸ்ட் என்று விழும். ஆகஸ்ட் என்பது தடை முடிந்து இறால் பாடு கண்ட பிறகு. முதுகுளத்தூர்ப் பக்கம் குண்டு மிளகாய் போடும் சம்சாரிக்கு மாசி, பங்குனியில் வருகிற மாதிரி ஆண்டுத் தவணை. பனையேறும் குடும்பத்துக்கு வேறு மாதம். இதற்காகக் கூடுதலாகச் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, ஆள் எதைத் தின்று எப்போது பிழைக்கிறான் என்று தெரிந்திருந்தால் போதும். என் பாலிசிகள் நிலைத்ததற்கு வேறு சூட்சுமம் கிடையாது.

சான்றுகளிலும் அப்படித்தான். பாம்பன், தங்கச்சிமடத்துக் கத்தோலிக்க மீனவர்களில் பள்ளிக்கூடம் பார்க்காதவர்கள் நிறைய. ஆனால் கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் பிறந்த தேதி இருக்கும், அதை எல்.ஐ.சி. முதல்தரச் சான்றாக ஏற்கும். பங்குச் சாமியாரிடம் போய்ப் பதிவேட்டைப் புரட்டி எடுத்து வருவது ஏஜென்டின் வேலை. ஜாதகம் மட்டும் வைத்திருப்பவருக்குக் கொஞ்சம் சிரமம். சின்னப்பாலம் பக்கம் கடற்பாசி எடுக்கும் பெண்களுக்கு அதைவிடச் சிரமம். இடுப்பில் சாக்குப் பையைக் கட்டிக்கொண்டு முங்கிச் சம்பாதிக்கிறார்கள், சில வீடுகளில் புருஷனைவிட அதிகமாக. ஆனால் சொந்த வருமானத்துக்குத் தாள் கிடையாது. வருமானமில்லாத பெண் என்ற வகையில் போட்டுவிட்டால், புருஷன் பெயரில் பாலிசி இருந்தால்தான் அவளுக்குக் கிடைக்கும். பாசி வாங்கும் வியாபாரியின் சிட்டையைச் சேர்த்து எழுதி அனுப்பி, சில அக்காமாருக்குச் சம்பாதிக்கும் பெண் என்றே பாலிசி வாங்கிக் கொடுத்தேன். இன்றும் அதை நினைத்தால் மனசு நிறைகிறது.

நாமினி பெயர் இன்னொரு விஷயம். இருபது வயதில் பாலிசி எடுக்கும்போது அம்மா பெயரைப் போடுவான். கல்யாணம் ஆனபிறகு யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. கல்யாண வீட்டுக்கு மொய் எழுதப் போகும் ஏஜென்ட், மறுமாதம் நாமினி மாற்றும் படிவத்தோடும் போகவேண்டும். மாமியாரும் மருமகளும் கிளைம் பணத்துக்காகக் கோர்ட் ஏறியதைப் பார்த்தவன் சொல்கிறேன். கடன் தொல்லை உள்ள படகுக்காரர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. மனைவி மக்கள் பெயரில் அறக்கட்டளையாக எழுதும் பாலிசியை 1874ஆம் ஆண்டு திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம் காக்கிறது. கடன்காரன் தொட முடியாது. இந்து, முஸ்லிம் குடும்பங்களுக்கு இந்தப் பாதுகாப்பு சென்னை மாகாணத்தில் 1913 முடிவிலிருந்தே உண்டு. நாட்டின் மற்ற பகுதிகளுக்கு 1923இல்தான் வந்தது. இவ்வளவு பழைய உரிமை, இன்றைக்கும் படகுக்காரர்களில் பலருக்குத் தெரியாது. விண்ணப்பத்தில் ஒரு துணைப் படிவம், அவ்வளவுதான்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் நிலைமை வேறு. வட்டி கலந்த பணம் என்பதால் பாலிசி வேண்டாம் என்று சொல்லும் முஸ்லிம்கள் அங்கே பலர். “அது நமக்கு ஆகாது தம்பி, உக்காருங்க, டீ குடிச்சிட்டுப் போங்க” என்பார் ஊரார் காக்கா என்றழைக்கும் ஒரு பெரியவர். அவரிடம் ஒருநாளும் நான் வற்புறுத்தியதில்லை. மார்க்கத்தில் நிற்கிற மனிதரை வியாபாரத்துக்காக அசைக்கப் பார்ப்பது தப்பு. அதே காக்கா தன் கடையில் வேலை பார்த்த பையன்களுக்குப் பாலிசி எடுத்துக் கொடுக்க என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ‘வேண்டாம்’ என்பதைக் காது கொடுத்துக் கேட்டதால் வந்த வியாபாரம் என் கணக்கில் கொஞ்சநஞ்சம் அல்ல.

இதுவரை சொன்னதெல்லாம் பாலிசி ஓடுகிற காலத்துச் செய்தி. இந்தக் கரையில் உறவுக்கு உண்மையான சோதனை, ஆள் கடலில் காணாமல் போகும்போது வருகிறது. வயற்காட்டில் செத்தவனுக்கு உடல் இருக்கும், சான்றிதழ் வரும், கிளைம் வரும். கடலில் போனவனுக்கு? புயல், படகு மோதல், 1983இல் இலங்கைப் போர் தொடங்கிய பிறகு துப்பாக்கிச்சூடு. உடல் கிடைக்காவிட்டால் அவன் சட்டப்படி உயிரோடு இருக்கிறான். 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவுப்படி ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லாவிட்டால்தான் இறந்ததாகக் கொள்ளலாம். 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் அது 111ஆம் பிரிவு; ஏழு ஆண்டுக் கணக்கு மாறவில்லை. அந்த ஏழு ஆண்டும் பிரீமியம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் பாலிசி லாப்ஸ். காணாமல் போன நாளே செத்த நாள் என்று எடுத்துக்கொள்ள முடியாது, கேள்வி நீதிமன்றத்துக்கு வந்தபோது இறந்தவராகத்தான் ஊகிக்கலாம் என்று 2004இல் எல்.ஐ.சி. வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சில ஆண்டுகள் கட்டிய பாலிசியில், தவணை தவறி ஆறு மாதம் அல்லது ஒரு வருடத்துக்குள் இறந்தால் முழுத்தொகை தரும் சலுகை எல்.ஐ.சி.யில் உண்டு. இறந்த தேதியே இல்லாதவனுக்கு அந்தச் சலுகையும் எட்டாது.

1990களில் பாம்பனில் ஒருவர் கார்த்திகை மாதம் தென்கடலுக்கு வல்லத்தில் போனார். வல்லம் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. 25,000 ரூபாய் பாலிசி. முப்பதாம் நாள் கழித்து நான் வீட்டுக்குப் போனபோது அந்த அக்கா தாலியோடுதான் இருந்தார். “அவரு பேருல இன்னும் கட்டணுமா தம்பி? வந்துருவாருன்னு கட்டச் சொல்றியா, வரமாட்டாருன்னு கட்டச் சொல்றியா?” என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கட்டுங்கள் அக்கா, நிறுத்தாதீர்கள் என்று மட்டும் சொன்னேன். முதல் தவணையை வல்லத்துக்காரர் கொடுத்தார், அடுத்ததைக் காணாமல் போனவரின் தம்பிமார் பிரித்துக்கொண்டார்கள். பாசி எடுத்து அந்த அக்காவே கட்டிய தவணைகளும் உண்டு. யாராலும் முடியாத தவணையை என் கமிஷனிலிருந்து போட்டேன். ஏழு ஆண்டு முடிந்து, ராமநாதபுரம் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கி, போனஸோடு காசோலை வந்தது. அந்தக் காசோலையை ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் அவர் கையில் கொடுத்தேன்.

அந்தத் தெருவில் அதற்குமுன் எனக்கு இருந்த பாலிசிகளை விரல் விட்டு எண்ணலாம். அதற்குப் பிறகு நான் விளக்கம் சொல்லி யாரையும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை, அவர்களே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். விற்பனைப் பயிற்சிகளில் எதிர்ப்பைச் சமாளிப்பது எப்படி, கையெழுத்து வாங்குவது எப்படி என்றெல்லாம் வகுப்பு எடுப்பார்கள். கிளைம் வீட்டில் எப்படி உட்கார வேண்டும் என்று எந்த வகுப்பிலும் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வியாபாரம் அங்கேதான் பிறக்கிறது என்பது என் அனுபவம்.

ஆனால் கூலி அப்படிப் பிரிக்கப்படவில்லை. காப்பீட்டுச் சட்டம் நெடுங்காலம் வைத்திருந்த கமிஷன் உச்சவரம்பு முதல் ஆண்டுக்கு 35 சதவீதம், இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளுக்கு 7.5, அதற்குமேல் 5. புது ஆளைப் பிடிப்பவனுக்கு மூட்டை, பழைய ஆளைக் காப்பவனுக்குக் கைப்பிடி. 2000இல் தனியார் கம்பெனிகள் வந்தபோது இந்தக் கணக்கு இன்னும் வேகமாக வேலை செய்தது. பங்குச்சந்தை ஏறிய வருடங்களில், அதோடு இணைந்த யூலிப் பாலிசிகளை மூன்று வருடம் கட்டினால் போதும் என்று சொல்லி விற்றார்கள். 2010 செப்டம்பரில் காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் கடிவாளம் போட்டதும், விற்றவர்களில் பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். பாலிசி வாங்கியவர்கள் தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள். என் பாலிசி இல்லை என்று திருப்பி அனுப்ப மனம் வரவில்லை, படித்துச் சொன்னேன்.

இப்போது வங்கியிலேயே பாலிசி, மாதத் தவணை கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளப்படும். சம்பளக்காரருக்கு வசதி. தங்கச்சிமடத்தில் ஒருவருக்கு நகைக்கடன் வைக்கப்போன இடத்தில் மாதத் தவணைப் பாலிசி கொடுத்திருந்தார்கள். மே, ஜூனில் கணக்கில் காசில்லை. எடுப்பு திரும்பியது, அபராதம் விழுந்தது, பாலிசியும் நின்றது. மாதத் தவணைக்குச் சலுகை நாள் பதினைந்துதான். அவருக்கு விற்ற ஆள் அதற்குள் மாறுதலில் போய்விட்டார். 2015இல் அரசு கொண்டுவந்த ஜீவன் ஜோதி திட்டத்தை நான் ஊரெல்லாம் பரிந்துரைக்கிறேன்: ஆண்டுக்கு 330 ரூபாய், 2022இலிருந்து 436, இறந்தால் குடும்பத்துக்கு இரண்டு லட்சம். எனக்கு அதில் வியாபாரம் இல்லை. அதுவும் மே கடைசியில்தான் கணக்கிலிருந்து எடுக்கப்படுகிறது. நடுத் தடைக்காலம். மே மாதம் முதல் வாரத்தில் வீடு வீடாகப் போய், 436 ரூபாயைக் கணக்கில் விட்டு வையுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகும், 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகும் ஏழு ஆண்டுக் காத்திருப்பைத் தளர்த்தி, காணாமல் போனவர்களை இறந்தவர்களாகப் பதிய அரசு வழி செய்தது. கூட்டமாகப் போனவர்களுக்கு அந்த வழி கிடைத்தது. கார்த்திகையில் தனியாக ஒரு வல்லத்தில் போனவருக்கு அந்த ஏழு ஆண்டுச் சட்டம்தான். விசைப்படகு கிளம்பும்போது மீன்வளத் துறை டோக்கன் கொடுக்கிறது. நாட்டுப்படகில் யார் போனார்கள் என்று சங்கத்துக்குத் தெரியும். தேடப் போன படகுகளின் வாக்குமூலம், கடலோரக் காவல் நிலையத்தில் பதிந்த புகார், ஊர்க் கமிட்டியின் கடிதம் எல்லாம் ஒரு வாரத்துக்குள் சேர்ந்துவிடும். இவற்றை வைத்து ஓராண்டில் கிளைமை முடிக்கலாம். அதுவரைக்கும் பிரீமியத்தை நிறுத்தி வைக்கலாம், பாலிசியை லாப்ஸ் ஆக்காமல் இருக்கலாம். கிளைக் கூட்டங்களில் நான் இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். சென்ற ஆண்டு பாம்பனில் இன்னொரு வீட்டில் தவணை கட்டத் தொடங்கியிருக்கிறோம். ஆகஸ்ட் தவணையைக் காணாமல் போனவரின் அண்ணன் கொடுத்தார், பிப்ரவரித் தவணைக்கு ஊர்ச் சங்கம் ஒத்துக்கொண்டிருக்கிறது.